கேரட் கழுவிய ஓடை

கேரட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சிரித்தார். கேரட்டைப் பார்க்க யாராவது இரண்டரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவார்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மதுரையில் எங்கள் குடியிருப்பில் முப்பது வீடுகள் சேர்ந்து, மருந்து அடிக்காத காய்கறியை மலையிலிருந்து நேராக வரவழைக்கிறோம். அந்த ஏற்பாட்டைக் கவனிப்பவள் நான். ஆண்டுக்கு ஒருமுறை யாராவது நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று விதி எழுதியவளும் நான்தான். இந்த ஆண்டு என் முறை. இனியாவை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை.

பையில் இரண்டு போர்வை, காய்ச்சல் மருந்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் நான்கு பாட்டில். கூடவே நானே தயாரித்த படிவம் ஒன்று. அதில் மூன்று கட்டங்கள். மண்ணும் தண்ணீரும் கெடாமல் இருக்கிறதா என்பது முதல் கட்டம். பயிரிடுகிறவருக்குக் கட்டுப்படியாகிறதா என்பது இரண்டாவது. ஊரோடு ஒத்துப்போகிறதா என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். அதைத் தயாரித்த நாளில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

செண்பகனூரில் பேருந்தைத் தேநீருக்கு நிறுத்தினார்கள். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்த இனியா, கீழே இறங்கியதும் ஒன்றும் நடக்காததுபோல ரொட்டி ஆம்லெட் கேட்டாள். கொடுப்பதா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பாதியைத் தின்றுவிட்டாள். பக்கத்துக் கடையில் தழையோடு கட்டிய கேரட் கொத்துகள், வெயில் பட்டு மின்னின. "டேஸ்ட் பாருங்க மேடம், வாஷ் பண்ணது, அப்படியே பாப்பாவுக்குக் கொடுக்கலாம்" என்றார் கடைக்காரர். மண்ணோடு இருந்தால் சுற்றுலா வருகிறவர்கள் கையாலும் தொடமாட்டார்களாம். நான் வாங்கினேன். இருந்தும் என் பாட்டில் தண்ணீரில் இன்னொரு முறை கழுவித்தான் கொடுத்தேன்.

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்குப் போகும் பேருந்தில் ஆட்கள் குறைவு, மூட்டைகள் அதிகம். பைன் மரங்களைத் தாண்டிய ஒரு திருப்பத்தில் சாலை நடுவே காட்டுமாடு ஒன்று நின்றது. எங்கள் ஊர்த் தெருமாட்டைப்போல இரண்டு மடங்கு இருக்கும். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோல நிறம். ஓட்டுநர் ஆரனில் கை வைத்தார்.

"ஏலே, ஆரன் அடிச்சிராத. அவரு சோலி முடிஞ்சா அவராப் போவாரு" என்றார் நடத்துநர்.

"டிக்கெட்டுப் போடுங்கண்ணே அவருக்கு" என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பாசு வச்சிருக்காராம்."

அரைமணி நேரம் கழித்து அவர் போனார். அதற்குள் அணைத்து வைத்த இயந்திரம் குளிரில் உறங்கிவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள், பேருந்து அசையவில்லை. கடைசியில் உரமூட்டை ஏற்றிவந்த ஜீப் ஒன்றில் எனக்கும் இனியாவுக்கும் இடம் கொடுத்தார்கள். போளூருக்கு முன்னால் பிரியும் மண்பாதையில் அது எங்களை இறக்கிவிட்டபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. மாசி மாதம். மதுரையில் மின்விசிறியைக் கூட்டிவைக்கத் தொடங்கியிருந்தோம். இங்கே மூச்சு புகையாக வந்தது. குழந்தையை இந்தக் குளிருக்குக் கொண்டுவந்தது தவறோ என்று அன்று எத்தனையாவது முறையாக நினைத்தேன் என்று தெரியவில்லை.

எங்களுக்குக் கேரட் அனுப்பும் செல்வராணி பாதைமுனையில் காத்திருந்தார். தொலைபேசியில் ஒரு வருடமாகப் பழகிய குரல். நேரில் பார்ப்பது முதல் முறை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கணவர் கொடைக்கானலில் கட்டட வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நிலம் முழுக்க இவர் பொறுப்பு. என் பையைப் பிடுங்கி வாங்கிக்கொண்டு, "பிள்ளைக்குக் காதக் கட்டுங்க மொதல்ல" என்றார்.

இரவுச் சாப்பாடு சுடுசோறும், பட்டர்பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பும். அடுப்புத் தணலில் சுட்ட மலைப்பூண்டை நசுக்கிச் சோற்றில் பிசைந்து ஊட்டினார். காரம் ஆகுமே என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இனியா அடுத்த வாய்க்கு ஆவென்று திறந்தாள். எங்கள் வீட்டில் ஒரு கிண்ணம் சோறு ஊட்ட எனக்கு ஒரு மணி நேரமாகும்.

மறுநாள் காலை வயலுக்குப் போனோம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய ஏழு தட்டுகள். மேல் மூன்றில் பூண்டு, கீழ் நான்கில் கேரட். செல்வராணி ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பாக, ஈரமாக, காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. அதில் ஒரு புழு நெளிந்தது. இனியா மகிழ்ச்சியில் கத்தினாள். நான் அவள் கையைத் துடைக்கத் துணி தேடினேன். இரண்டு வருடமாக மருந்து படாத மண். பக்கத்துத் தட்டுக்காரர் முதுகில் விசைத்தெளிப்பானோடு போய்க்கொண்டிருந்தார். முதல் கட்டத்தில் ஐந்து போட்டேன்.

மேலே ஊற்றிலிருந்து ஒரு வாய்க்கால் இறங்கி வருகிறது. பதினொரு குடும்பங்களுக்கு அந்தத் தண்ணீர்தான். ஒரு விடியலிலிருந்து மறு விடியல்வரை ஒரு குடும்பத்தின் முறை. பதினொரு நாளைக்கு ஒரு முறை வரும் அந்த ஒரு நாள் தப்பினால், அடுத்ததற்கு இன்னும் பதினொரு நாள் காத்திருக்க வேண்டும். மாசியில் பூண்டு மண்ணுக்குள் திரளும் சமயம் என்றும், இப்போது வாடினால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பிடிக்காது என்றும் செல்வராணி சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் இராசு வந்தார். முறை தவறாமல் மடை மாற்றிவிடுவது அவர் வேலை. தோளில் மண்வெட்டி, தலையில் கம்பளிக் குல்லாய்.

"மதுரையில இருந்து அதிகாரிக வந்திருக்காகன்னு சொன்னாக. அதிகாரி இடுப்புல ஒரு குட்டி அதிகாரியும் இருக்கு" என்று இனியாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு செல்வராணியிடம் திரும்பி, நாளைக் காலை கூட்டத்துக்கு வெள்ளனே வந்துவிட வேண்டும் என்றும், கீழூர் ஆட்களும் வருகிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன கூட்டம் என்று கேட்டேன். ஊர்ச் சோலி, உங்களுக்கு எதுக்கு என்றார் செல்வராணி. அந்தக் குரல் தொலைபேசியில் நான் கேட்டறியாதது.

மூன்றாவது கட்டத்தை நிரப்ப, பயிரிடுகிறவரின் குடும்பத்தைச் சேராத ஒருவரிடம் பேச வேண்டும். இதுவும் நான் எழுதிய விதி. மத்தியானம் இனியாவைத் தூக்கிக்கொண்டு, வயலுக்குக் கீழே ஓடும் ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் கீழூருக்கு இறங்கினேன். இருபது வீடுகள் இருக்கும். ஊர் நுழைவில் ஒரு சிமெண்டுத் தொட்டி. ஓடைத்தண்ணீர் அதில் விழுந்து நிரம்பி, குழாய் வழியாக வீடுகளுக்குப் போகிறது. தொட்டிக்கருகில் என் வயதுப் பெண் ஒருத்தி, குடத்தின் வாயில் சேலைத்துணியை நான்காக மடித்துக் கட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் அமுதா. அவள் மகனுக்கும் இனியாவின் வயதுதான். குழந்தைகள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்து, இரண்டே நிமிடத்தில் ஒரே குச்சிக்குச் சண்டை போட்டார்கள்.

துணியை அவிழ்த்து அவள் உதறியபோது பழுப்புநிறச் சேறு தெறித்தது. நாலு மாதமாக இப்படித்தான் என்றாள். வாரத்தில் இரண்டு நாள், காலையில் தண்ணீர் கலங்கி வரும். இரவெல்லாம் தெளியவைத்து, மறுநாள் வடித்து, அப்புறம் காய்ச்சுவது. மேலே ஒரு அம்மாள் ஓடையில் கேரட் கழுவுகிறாள், மதுரைக்கு அனுப்ப என்றாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஜீப்பில் வந்த டீச்சர் என்று நினைத்திருக்கிறாள்.

எங்கள் காய்கறி வண்டி வருவதும் வாரத்தில் இரண்டு நாள்தான்.

நான் மெதுவாகக் கேட்டேன். அந்த அம்மாள் மருந்து அடிப்பதில்லையே, மற்றவர்களின் மருந்தும் இதே ஓடைக்குத்தானே வரும்?

"வரும்தான். மருந்து கண்ணுக்குத் தெரியாது. சேறு தெரியுதுல்ல" என்றாள் அமுதா.

இனியா தண்ணீர் கேட்டாள். என் பாட்டில்கள் மேலே வீட்டில் இருந்தன. கையில் இருந்தது காலி. அமுதா உள்ளே போய், தெளியவைத்துக் காய்ச்சிய தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை அவள் பார்த்துவிட்டாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இனியா டம்ளரைப் பிடுங்கிக் குடித்துவிட்டு அவள் மகனுக்கு மீதியை நீட்டினாள்.

திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கியது ஏற்றத்தால் மட்டுமில்லை. சாலையோரக் கொட்டகையில் கேரட் கழுவும் இயந்திரம் ஒன்று இருப்பதை ஜீப்பிலிருந்தே பார்த்திருந்தேன். பெரிய உருளையில் கொட்டிச் சுழற்றுகிறார்கள். கழிவுத்தண்ணீர் அந்தப் பக்கத்துச் சரிவில் போகிறது. செல்வராணி ஏன் அங்கே கொண்டுபோகவில்லை என்று அவரிடமே கேட்டேன். அவர் அரிவாள்மனையிலிருந்து நிமிரவில்லை.

"அடுத்தவுக கேரட்டோட கலக்கக் கூடாதுன்னு நீங்க அனுப்புன விதித் தாள்ல போட்டிருக்கே. அந்த உருளையில மருந்தடிச்ச கேரட்டுத்தான காலையில இருந்து ஓடுது."

அப்படியென்றால் கழுவாமலே அனுப்பியிருக்கலாமே என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அலைபேசியை எடுத்து, பழைய செய்தி ஒன்றைத் தேடி என் முன்னால் வைத்தார். நான் அனுப்பியது. 'கேரட் மண்ணோடு வருகிறது. எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். இனிமேல் நன்றாகக் கழுவி அனுப்பினால் நல்லது.'

அதை அனுப்பிய காலையும் நினைவுக்கு வந்தது. இனியாவுக்கு முந்தின நாள் வயிற்றுப்போக்கு. காரணம் தேடிக்கொண்டிருந்த எனக்குக் கேரட்டின் மண் கண்ணில் பட்டது. யாரும் கேட்கவில்லை. என் பயத்தை மட்டும் எழுதினால் வலுவிருக்காது என்று 'எல்லா வீட்டிலும்' என்று சேர்த்தேன். முப்பது வீட்டுக்கும் தாயாகிவிட்டேன்.

நாளைக் கூட்டம் இதற்குத்தான் என்று புரிந்தது. ஊரிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஓடையக் கலக்குனா ஒரு தண்ணி முறை போகும், தொட்டியக் கழுவிக் கொடுக்கணும். அது ஊர் வழக்கம், நான் பாத்துக்கிடுவேன். யாரோ சொன்னாகன்னு கழுவுனேன்னு சொன்னா, எஞ் சொல்லுக்கே மதிப்பு இல்லாமப் போயிரும். நீங்க பேசாம இருங்க."

பேசாமல் இருப்பதா? அன்று இரவு முழுக்க அதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். மேல் மூன்று தட்டுப் பூண்டு அவருடைய இந்த ஆண்டின் பெரும்பகுதி. அது என் ஒரு வரியால் வாடப்போகிறது. அதே நேரம், பேசாதீர்கள் என்று அவரே சொல்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதுதான் மரியாதையா, அல்லது அது எனக்கு வசதியான மரியாதையா? படிவத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் கட்டத்தில் என் கையெழுத்தில் ஐந்து.

மூன்றாம் நாள் காலை, கோயில் முன் களத்தில் கூட்டம். புல்லில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கீழூரிலிருந்து அமுதா உட்பட ஏழெட்டுப் பேர். ஓடையில் கேரட் கழுவியது உண்டா என்று இராசு கேட்டார். உண்டு என்றார் செல்வராணி. ஏன் என்றதற்கு, சுத்தமாக அனுப்ப வேண்டும் என்று தோன்றியது என்றார். வழக்கப்படி ஒரு தண்ணீர் முறை வெட்டு என்று இராசு சொல்லத் தொடங்கும்போது நான் எழுந்துவிட்டேன்.

கழுவச் சொன்னது நான் என்றேன். அடுத்தவர் கேரட்டோடு கலக்கக் கூடாது என்று விதி எழுதி, இயந்திரத்துக்குப் போகவிடாமல் செய்ததும் நான் என்றேன். எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள் என்று நான் எழுதியது பொய் என்பதையும் சொன்னேன். செல்வராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "இனி நம்ம ஓடையில கால் நனைக்க மதுரையில உத்தரவு வாங்கணும் போல" என்றார். சிரிப்பு எழுந்தது. செல்வராணியின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். அவர் எதற்குப் பயந்தாரோ அதைத்தான் செய்திருந்தேன்.

இராசு சிரிக்கவில்லை. "சொன்னது அவுக. கழுவுன கை ஒன்னோடது" என்றார் செல்வராணியிடம்.

அப்போது அமுதா பேசினாள். "முறைய வெட்டிப்புட்டா எங்களுக்குத் தண்ணி தெளிஞ்சிருமா? இனிமே அந்தக் கேரட்ட எங்க கழுவுவீக, அதச் சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கழுவ வேண்டாம், மண்ணோடு வரட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: மறுபடியும் முப்பது வீட்டுக்கும் சேர்த்து நானே பேசியிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். முடிவை இராசு சொன்னார். செல்வராணியின் அடுத்த முறையில் பகல் தண்ணீர் ஓடை வழியே கீழூருக்குப் போகும், தொட்டியையும் குழாயையும் அலசிவிட. பொழுது சாய்ந்த பிறகு அவருக்கு. பாதி முறைத் தண்ணீர் ஏழு தட்டுக்கும் போதாது. மேலே ஏதாவது ஒரு பூண்டுத் தட்டு காயத்தான் செய்யும். தொட்டியை மட்டும் தப்புச் செய்தவர்கள் இன்றே கழுவிக்கொடுக்க வேண்டும்.

"நீங்களும் தப்புல பங்கு கேட்டுட்டீகல்ல. வெரசா எறங்குங்க" என்றார் என்னிடம்.

கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். கேலி இல்லை. அரைமணி நேரத்தில் சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் நின்றேன். தண்ணீரை வடித்துவிட்டிருந்தார்கள். அடியில் ஒரு சாண் சேறு, ஐஸ்கட்டிக் குளிர். செல்வராணி அள்ளிக் கொடுக்க நான் வாங்கி வெளியே ஊற்றினேன். நல்ல சேறு. கறுப்பாக, மணமாக, நேற்று என் உள்ளங்கையில் வைத்த அதே மண். அவர் நிலத்து மண் நான்கு மாதமாக இங்கே வந்து படிந்திருக்கிறது. இனியா அமுதாவின் இடுப்பில் இருந்தபடி எங்களுக்குக் கையாட்டினாள்.

வேலை முடிந்ததும் செல்வராணி, வெளியே குவிந்த சேற்றைக் காட்டி, "இத மேல கொண்டுபோகலாமா?" என்று அமுதாவிடம் கேட்டார். அமுதா பாதியைத் தன் அவரைப்பந்தலுக்கு வேண்டும் என்றாள். கொஞ்சம் பேரம் நடந்தது.

அன்று மத்தியானம் காய்கறி வண்டியிலேயே ஊர் திரும்பினேன். பின்னால் மண் ஒட்டிய கேரட் மூட்டைகள். ஏறும்போது செல்வராணி இனியாவின் கன்னத்தைத் தொட்டார். எனக்கு ஒரு தலையசைப்பு மட்டும். படிவத்தின் மற்ற இரண்டு கட்டங்களிலும் எதுவும் எழுதாமல் வைத்துக்கொண்டேன். முதல் கட்டத்தில் போட்டிருந்த ஐந்தையும் அடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, குடியிருப்புக் குழுவுக்கு நடந்ததை எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். என் பொய்யையும் சேர்த்து. மண்ணோடு வந்தால் யாருக்கெல்லாம் சரி என்று கேட்டேன். பதில்கள் வரத் தொடங்கின. பெரும்பாலான வீடுகள் 'சரி' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டன. ஒருவர், முன்பு மண்ணோடு வந்தபோது ஒரு வாரம் கெடாமல் இருந்தது, கழுவி வரத் தொடங்கியதும் மூன்று நாளில் அழுகுகிறது என்று எழுதியிருந்தார். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தாராம். இரண்டு வீடுகள் விலகிக்கொண்டன. இரவெல்லாம் அந்த இரண்டு வீட்டைப் பற்றித்தான் யோசித்தேன்.

பங்குனி கடைசியில் வந்த வண்டியில், கேரட் மூட்டைமேல் ஒரு சிறு பொட்டலம் தனியாக இருந்தது. உள்ளே நான்கு பூண்டு. எலுமிச்சையில் பாதிகூட இல்லை. பல் ஒவ்வொன்றும் அரிசிக்குக் கொஞ்சம் பெரிது. செல்வராணியை அழைத்தேன். கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை.

மேல்தட்டு இரண்டும் தப்பித்தன என்றார். மூன்றாவது தட்டு முழுக்க இப்படித்தான். மணம் குறையவில்லை, ஆனால் மண்டியில் இதை எடுக்கமாட்டார்கள்.

"உரிக்கக் கஷ்டம். உங்க ஆளுக வாங்குவாகளா?"

முதலில் என் மனதில் வந்தது, வாங்கமாட்டார்கள் என்பது. அடுத்து வந்தது, எல்லாரும் வாங்குவார்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்பது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"கேளுங்க. அவுக என்ன சொன்னாகளோ அத அப்படியே சொல்லுங்க. நடுவுல நீங்களா ஒண்ணும் சேத்துச் சொல்லாதீங்க."

குழுவில் எழுதவில்லை. அன்று மாலை இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த நான்கு பூண்டோடு இறங்கினேன். முதலில் தட்டியது விலகிப்போன இரண்டு வீடுகளில் ஒன்றை. கதவைத் திறந்த பெண், என் கையிலிருந்த பூண்டில் ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தார். அவர் வாய் திறக்கும்வரை நான் எதுவும் சொல்லாமல் நின்றேன்.